பத்துக் குதிரை எஞ்சின்

இங்கிலாந்தின் யார்க்ஷயரில் கிரிம்ஷா என்பவரின் பீர் ஆலையில் தானியம் அரைக்கும் பெரிய கல்லைக் குதிரைகள்தான் முறைபோட்டுச் சுற்றின. அங்கே நீராவி எஞ்சின் விற்க வந்தார் பெம்பர்டன் என்ற எஞ்சினியர்.

“என் எஞ்சினுக்குள் பத்துக் குதிரை இருக்கிறது. அவை தூங்காது, நொண்டாது, லத்தி போடாது. உங்கள் கிழடுகளைக் குதிரை அறுக்கும் தோல்காரனுக்குத் தள்ளிவிடுங்கள்.”

கிரிம்ஷா சம்மதித்தார். குதிரைக்காரன் ஜெப்பிடம், “எஞ்சின் வந்ததும் குதிரைகள் போய்விடும். நீயும் வேறு வேலை பார்த்துக்கொள்” என்றார்.

எஞ்சின் மழையோடு வந்தது. ஆலைக்கு ஏறும் மேட்டில் வண்டி அச்சுவரை சேற்றில் புதைந்தது. வாடகைக் குதிரைகளால் அதை அசைக்க முடியவில்லை. முதலாளியும் பெம்பர்டனும் லாயத்துக்கு ஓடிவந்தார்கள்.

“குதிரைகளை ஓட்டிவா, சீக்கிரம்!” என்று கத்தினார் பெம்பர்டன்.

ஜெப் எழுந்திருக்கவில்லை. “எதற்கு, துரை? உள்ளேதான் பத்துக் குதிரை இருக்கிறதே. கொஞ்சம் இறங்கி இழுக்கச் சொல்லுங்கள்.”

கிரிம்ஷாவுக்குச் சிரிப்பு வந்தது. வண்டி சாய்கிறது என்று வெளியே யாரோ கூவியதும் சிரிப்பு நின்றுபோனது.

“உனக்கு என்ன வேண்டும், சொல்.”

“தோல்காரன் இந்தப் பக்கம் வரக் கூடாது, ஐயா. நானும் போகமாட்டேன்.”

“சரி, சரி. கிளம்பு.”

ஜெப் சேணங்களை எடுத்தான். “எத்தனை குதிரை பூட்டுவாய்?” என்று கேட்டார் பெம்பர்டன்.

“பன்னிரண்டு, துரை. எஞ்சினுக்குப் பத்து. நீங்கள் பேசிய பேச்சையும் சேர்த்து இழுக்க வேண்டுமே, அதற்கு இரண்டு.”