மறுமுனையில் ஆள் இல்லை

“பணம் வந்தப்பவும் பயந்தேன். இப்ப வராமயும் பயப்படுதேன். சந்தோஷமா இருக்கதுக்குன்னு எனக்கு ஒரு நாள் உண்டா இல்லியாக்கா?”

தெய்வசிகாமணி வந்ததும் வராததுமாகக் கேட்டான். செருப்பைக்கூட இன்னும் கழற்றவில்லை.

பெர்னதெத் தலை நிமிரவில்லை. தன் கீபோர்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“உள்ள வாங்க அண்ணாச்சி. காத்தாடிக்குக் கீழ உக்காருங்க.”

அவள்தான் அவனுக்குக் குரு. குரு என்றதும் தாடியையும் மரத்தடியையும் தேட வேண்டாம். அவள் சிகாமணியைவிடப் பத்து வயது இளையவள். தூத்துக்குடியில் ஒரு ஐஸ் கம்பெனிக்கு மேல் மாடியில் குடியிருந்தாள். கல்லூரிப் பக்கம் போகாமல், தானே கற்றுக்கொண்டு, தனி ஆளாக மென்பொருள் எழுதிப் பிழைக்கிற தெற்கத்திக்காரர்களுக்கு மனசு முட்டிக்கொண்டால் அவளிடம்தான் வருவார்கள். மூத்தவர்களும் அவளை அக்கா என்றே கூப்பிட்டார்கள். அவள் அதிகம் பேசமாட்டாள். ஒரு காப்பியைக் குடித்துவிட்டு வெறும் கையோடு திரும்பியவர்களும் உண்டு.

சிகாமணி கோவில்பட்டிக்காரன். ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டே வீடியோ பார்த்து நிரல் எழுதப் படித்தவன். சின்ன வயதிலிருந்தே திக்குவாய். அப்படிப்பட்ட பிள்ளைக்குத் தெய்வசிகாமணி என்று இத்தனை நீளத்துக்குப் பேர் வைத்த தகப்பனை என்ன சொல்ல.

உலகத்திலேயே அவனுக்குப் பெரிய பயம் போன்தான். மறுமுனையில் “யாரு?” என்பார்கள். இவன் ‘தெ’யிலேயே நிற்பான். அவர்கள் வைத்துவிடுவார்கள். வெறுத்துப்போய், போனில் பேசிப் பழக ஒரு செயலி எழுதினான். அதற்குள் ஒரு பெண் குரல். அது கிளினிக்கிலிருந்து பேசும், பள்ளிக்கூடத்திலிருந்து பேசும், கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லிப் பழகலாம். இவனுக்கே அதில்தான் வாய் திறந்தது. பிறகு முன்பின் தெரியாதவர்களெல்லாம் வாங்கினார்கள். கடை வேலையை விட்டான்.

“என்ன பயம்?” என்றாள் பெர்னதெத்.

“பெரிய கம்பெனிக்காரன் ஒருத்தன் இதே மாதிரி செஞ்சு சும்மாவே குடுக்கான். என் வருமானம் பாதியாப் போச்சு. யாராவது பணம் கட்டினா என் போன்ல ஒரு மணி அடிக்கும். இப்ப அது அடிக்கவே மாட்டேங்கு. குளிக்கப் போனாலும் போனக் கையில எடுத்துட்டுப் போறேன்.”

“முன்னால நல்லா அடிச்சுச்சே, அப்ப?”

“நாளைக்கு நின்னுருமோன்னு பயம்.”

அவன் போனை நீட்டினான். திரையில் ஒரு கோடு மேலே ஏறி, பிறகு சரிந்து கிடந்தது.

“பாருங்க, எப்படி இறங்குதுன்னு.”

“கோடு கிடக்கட்டும். உங்க செயலியில பேசிப் பழகுத ஆள் யாரையாவது தெரியுமா?”

சிகாமணி யோசித்தான். ஒரு காலத்தில் செயலியைப் பற்றிக் கடிதம் போடுகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து பதில் எழுதினவன் அவன். இப்போது திறந்து பார்ப்பதே இல்லை. கட்டின பணத்தைத் திருப்பிக் கேட்டிருப்பார்களோ என்று பயம்.

“இல்லக்கா,” என்றான்.

“சரி. இந்த வேலையில எப்பவாவது சந்தோஷமா இருந்தியளா?”

அதற்கு அவன் யோசிக்கவே இல்லை.

“ஒரு நாள் இருந்தேன். செயலி பாதிதான் முடிஞ்சிருந்தது. கேஸ் சிலிண்டருக்கு அன்னைக்கு நானே போன் போட்டேன். பேர் சொன்னேன், தெருப் பேர் சொன்னேன். வச்சிட்டு ஜெராக்ஸ் மிஷின்மேல சாஞ்சு அழுதேன். ஓனர் கரண்ட் அடிச்சிருச்சுன்னு பயந்துட்டாரு.”

“அன்னைக்கு எவ்வளவு வித்துச்சு?”

“அப்ப விக்கவே ஆரம்பிக்கலியே.”

சொன்னதும் அவனுக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது.

“நீங்க எங்க வாறியன்னு தெரியுது. சந்தோஷத்த வச்சு அரிசி வாங்க முடியுமாக்கா?”

“முடியாது,” என்றாள் அவள்.

இன்னும் ஏதாவது சொல்வாள் என்று பார்த்தான். அவள் தண்ணீரிலிருந்து பொத்தான்களை எடுத்துத் துண்டில் பரப்பிக்கொண்டிருந்தாள்.

“அதான் ஒரு பூட்டு எழுதி வச்சிருக்கேன்,” என்றான் சிகாமணி. “பணம் கட்டாமப் பழகுத ஆளுங்கதான் நிறைய. சில பேர் போனத் திறந்து வச்சிட்டு எங்கயோ போயிருதாங்க. சர்வர் சும்மா ஓடுது, செலவு எனக்கு. இனிமே பேச்சுக்கு நடுவுல சத்தமே இல்லைன்னா இணைப்ப வெட்டிரும். மறுபடி உள்ள வரணும்னா காசு. சாயங்காலம் வெளியிடணும். கை வரமாட்டேங்கு. எதுக்குப் பயப்படுதேன்னு எனக்கே தெரியல. நீங்க ஒரு தைரியம் சொன்னா அமுக்கிருவேன்.”

“சோதிச்சுப் பாத்தாச்சா?”

“பக்காவா வேலை செய்யுது.”

“எப்படிப் பாத்திய?”

“மேசையில வச்சிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பாத்தா வெட்டியிருந்துச்சு.”

பெர்னதெத் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“அந்தப் புதுசு உங்க போன்ல இருக்குல்லா? கிளினிக்குக்குப் பேசுங்க.”

“நானா? எனக்குத்தான் சரியாப் போச்சே.”

அவள் போனைக் கண்ணால் காட்டினாள்.

அவன் சிரித்துக்கொண்டே செயலியைத் திறந்தான். தான் எழுதினதில் அவன் பேசிப் பழகியே வருஷக்கணக்காகிவிட்டது. மணி போகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தில் சிரிப்பு நின்றது. ஒழிந்துபோனது என்று நினைத்திருந்த அந்தப் பழைய பயம் எங்கும் போகவில்லை, தொண்டையிலேயே இருந்திருக்கிறது. ஒரு பெண் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது வேறு.

“வணக்கம், கிளினிக்,” என்றது குரல். “யாருக்கு டோக்கன் போடணும்? பேர் சொல்லுங்க.”

சிகாமணி வாயைத் திறந்தான்.

‘தெ’ வந்தது. அதோடு நின்றது.

நாக்கு பல்லில் ஒட்டிக்கொண்டது. கழுத்து நரம்பு புடைத்தது. உள்ளே பேர் முழுசாக இருந்தது. வெளியேதான் வரவில்லை.

உள்ளே ஓடுகிற கணக்கு அவனுக்குத் தெரியும். எட்டு விநாடி. அவன் போட்டதுதான். போடும்போது தாராளமாகத்தான் பட்டது, எட்டு விநாடி வாயைத் திறக்காமல் எவன் இருக்கப் போகிறான் என்று. இப்போது வெட்டிவிடுமே என்று பயந்தான். பயப்படப் பயப்படத் தாடை இன்னும் இறுகியது. கடைசியில் யாரிடம் பயப்படுகிறோம் என்று நினைத்துப் பார்த்தான். அதை எழுதினவனிடம், தன்னிடமே பயந்தான்.

இணைப்பு அறுந்தது.

திரையில் அவன் கையால் எழுதின வரி வந்து நின்றது.

‘மறுமுனையில் ஆள் இல்லை. தொடரப் பணம் செலுத்தவும்.’

சிகாமணி அதையே பார்த்தான். வாய் இன்னும் ‘தெ’யில் திறந்தபடி இருந்தது. ஆள் இருக்கிறது என்று சொல்ல நினைத்தான். அதுவும் வரவில்லை. ஊர் பேர் தெரியாத எத்தனையோ பேர் இன்று சாயங்காலம் இப்படியே வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று தோன்றியது.

பெர்னதெத் போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். அவனுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பாவம் என்று முகத்தை வைத்துக்கொள்ளவில்லை. அவன் சொல்ல வந்ததை எடுத்துக்கொடுக்கவும் இல்லை.

கீழே ஐஸ் கட்டி உடைக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஓய்ந்தது. ஒரு வண்டி வந்து, ஏற்றிக்கொண்டு, போனது.

“நா… நா… நான் இ… இருக்கேன்,” என்றான் சிகாமணி. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

“ம்,” என்றாள் அவள். “மேல சொல்லுங்க.”