கண்ணாடிக்குள் தெரியும் பொட்டு

மேகம் ஜன்னல் வழியே வந்து மேஜைகளுக்கு நடுவே உலவும் ஊர் கோத்தகிரி. அங்கே ஒரு தேயிலை ஆபீஸில் மேனேஜர் சடகோபன் கத்தினார்.

"மெயின் சர்வர் படுத்துட்டா நமக்கு ஸ்டாண்ட்பை சர்வர்தான் கதி. அதோட டிஸ்க் நிறைஞ்சு கிடக்கு! சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணு. மெயின்ல கை வெச்சே, வேலை போயிடும்!"

காண்ட்ராக்ட் ஆபரேட்டர் மாதி மெதுவாகச் சொன்னாள்: "மெயின்ல இருக்கிறதைத்தான் சார் ஸ்டாண்ட்பை அப்படியே எழுதிக்குது. கண்ணாடியைத் துடைச்சா அதுல தெரியற பொட்டு போயிடுமா?"

"மெயின்ல அப்படி என்னதான் பெருத்துக் கிடக்கு? எல்லாருக்கும் தெரியற மாதிரி காட்டு!"

மாதி பெரிய திரையில் திறந்தாள். சீட்டில் இல்லாதவர்களைப் பிடிக்க, காலி நாற்காலியை நிமிஷத்துக்கொரு படம் எடுத்துச் சேமிக்கச் சொன்னவர் சடகோபன்தான். லட்சக்கணக்கான படங்கள் கனவுபோல நகர்ந்தன. எல்லாவற்றிலும் மேகம் மிதந்தது. மேகத்துக்குள் ஒரே நாற்காலி, அதன் முதுகில் பூப்போட்ட வெள்ளைத் துண்டு. அந்த ஆபீஸில் நாற்காலிக்குத் துண்டு போட்டவர் ஒருவர்தான்.

"அழிக்கலாமா சார்? இல்ல, பத்திரமா இருக்கட்டுமா?"

"அழி... மெயின்லயே அழிச்சிடும்மா."

வியர்த்த முகத்தைத் துடைக்கச் சடகோபன் துண்டைத் தேடினார். அது திரையில் தொங்கிக்கொண்டிருந்தது.