பார்க்க: பஸ் ஸ்டாண்டு சுவர், கிழக்குப் பக்கம்

அதுவா? அது பெயிண்டர் கை தவறிப் போட்டதில்லீங்க. எழுதச் சொல்லித்தான் எழுதுனது. எதிர்ல 'முருங்கை ஆராய்ச்சி நிலையம்'னு போர்டு இருக்கு. அதுக்குக் கீழ 'தண்ணீர் ஊற்றாத பாத்தியில் காய் அதிகம்'னு ஒரு வரி. அந்த வரி முடியிற எடத்துல, தலைமாட்டுல பொடியா '1'னு ஒரு நம்பர். இந்தக் கடையில டீ குடிக்க உக்கார்ற எல்லாரும் கேக்குறதுதான். டீ கொஞ்சம் ஆறட்டும், சொல்றேன்.

அந்த நிலையத்துல நாலு பேரு. தலைவர் மங்களேஸ்வரன் சார். அவரு ஒரு வார்த்தை பேசுறதுக்குள்ள முருங்கை ஒரு கணு வளந்துடும். அடுத்து ஜெசிந்தா மேடம், படிச்சவங்க, எதையும் ரெண்டு தடவை யோசிச்சு மூணாவதாத் தப்பாச் செய்வாங்க. தோட்டம் பாக்குற இருளப்பன். நாலாவது தவசிமுத்துன்னு ஒருத்தன். பகல்ல ஆபீஸ் உதவியாளர், சாயங்காலம் காலேஜ்ல படிச்சுப் பாஸ் பண்ணவன். அங்க கரண்ட் போன நேரத்துல நடத்துன பாடமெல்லாம் அவனுக்கு நல்லா ஏறியிருந்துச்சு.

ஒரு கோடை முழுக்க இருளப்பன் ஒரு பாத்திக்குத் தண்ணி ஊத்த மறந்துட்டான். அந்தப் பாத்தியிலதான் காய் கொத்துக்கொத்தாத் தொங்குச்சு. நிலையம் தொறந்ததுலேருந்து அங்க நடந்த ஒரே கண்டுபிடிப்பு அது. அதுவும் யாரும் வேலை பாக்காததால வந்தது.

அப்பப் பாத்து மேலிடத்துலேருந்து கடுதாசி. இந்த வருஷம் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையாவது வெளிய வரலன்னா நிலையத்தை மூடிட்டு ஆளுக்கொரு ஊருக்கு மாத்திடுவோம்னு. மத்தவங்களுக்குப் பெருசா ஒண்ணுமில்ல. தவசிமுத்துக்குத்தான் சிக்கல். புதுசாக் கல்யாணமானவன். பொண்டாட்டி பூங்கோதை உள்ளூர் ஆஸ்பத்திரியில நர்ஸு. மாத்தல் வந்தா அவ இங்க, இவன் எங்கயோ ஒரு மெஸ்ல ரசம்னு சொல்லி ஊத்துற சாம்பாரு.

"கட்டுரைய எழுதிட்டு வாங்க, இல்ல பெட்டியக் கட்டிட்டுப் போங்க. நடுவுல நின்னு பெருமூச்சு விடாதீங்க"ன்னு அவ சொல்லிட்டா.

கட்டுரைய எப்படி எழுதுறதுன்னு சொல்லிக்குடுக்க அம்சவேணின்னு ஒரு மேடம் வந்தாங்க. கம்ப்யூட்டர்ல விக்கின்னு ஒரு பொதுப் பக்கம் போட்டுக் குடுத்தாங்க. ஆளாளுக்கு அதுல எழுதலாம், அடுத்தவன் எழுதுனதைத் திருத்தலாம். "ஒவ்வொரு வரியையும் முன்னாடி யார் சொன்னான்னு ஆதாரம் காட்டணும். ஆதாரம் இல்லாத வரிக்குப் பக்கத்துல 'சான்று தேவை'ன்னு போடுங்க. ஒரு வாரத்துல சான்று வரலையா, வரியத் தூக்கிடுங்க"ன்னாங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கெளம்பும்போது வாசல்ல நின்னு, "ரெண்டு பேர் ஒரே நேரத்துல திருத்தாதீங்க, மோதிடும்"னு சொல்லிட்டுப் போனாங்க.

மறுநாள் காலையில நாலு பேரும் ஹெல்மெட்டோட கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருந்தாங்க. இருளப்பன்கிட்ட வண்டி கெடையாது. அவன் தலையில அண்டாவக் கவுத்துக்கிட்டான்.

தலைவர் மொத வரிய அடிச்சாரு. 'முருங்கை ஒரு மரம்.'

ஆதாரம் பாக்குற வேலை தவசிமுத்தோடது. அவன் உடனே பக்கத்துல 'சான்று தேவை'ன்னு போட்டான்.

"என்னப்பா இது? அந்தா ஜன்னல்ல தெரியுதே?"

"தெரியுது சார். ஆனா யார் சொன்னா?"

"நான் சொல்றேன்."

"உங்களுக்கு முன்னாடி?"

தலைவர் ஹெல்மெட்டுக்குள்ளயே யோசிச்சாரு. ஜெசிந்தா மேடம், "நாம சாஞ்சு நின்னிருக்கோமே, செடின்னா தாங்குமா?"ன்னாங்க. அதுவும் எடுபடல. அப்பத்தான் அண்டாவுக்குள்ளேருந்து ஒரு சத்தம்.

"நான் அதுலேருந்து விழுந்திருக்கேன் சார். மரமா இல்லாட்டி எப்படி விழ முடியும்?"

"விழுந்ததுக்குச் சான்று?"

"இடுப்புல இருக்கு."

இடுப்ப நாலு பேரும் பாத்தாங்க. தழும்பு தெளிவா இருந்துச்சு. தவசிமுத்து ஆதாரப் பட்டியல்ல சுத்தமாப் பதிஞ்சான்: 'இருளப்பன், இடுப்பு, இடது பக்கம், இதுவரை வெளியிடப்படாதது.' கட்டுரைக்கு மொத ஆதாரம் கெடைச்ச சந்தோஷத்துல அன்னிக்கு எல்லாருக்கும் போண்டா.

அடுத்து பொஸ்தகங்க. நூலக அலமாரியில இருக்குற ஒவ்வொண்ணுக்கும் தவசிமுத்து பட்டியல்ல இருக்குற நம்பரையே சீட்டுல எழுதி ஒட்டுனான். ஜெசிந்தா மேடம் நடுவுல புதுசா ஒரு பொஸ்தகத்தைச் சேத்தாங்க. கம்ப்யூட்டர்ல கீழ இருந்த நம்பரெல்லாம் மாறிப் போச்சு. பதறிப்போய் அம்சவேணி மேடத்துக்குப் போன் போட்டா, "பயப்படாதீங்க, நடுவுல ஒண்ணு வந்தா மத்ததெல்லாம் தானா நகந்துக்கும். நீங்க ஒண்ணும் செய்யவேண்டாம்"னாங்க.

நாலு பேரும் அலமாரி முன்னாடி நாற்காலியப் போட்டு உக்காந்தாங்க. ஒரு பொஸ்தகமும் நகரல.

"நாம பாத்துக்கிட்டே இருந்தா கூச்சமா இருக்கும் சார்"ன்னான் இருளப்பன்.

அதுல ஞாயம் இருந்துச்சு. கதவச் சாத்திட்டு வராந்தாவுல நின்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு உள்ள ஏதோ சத்தம். தலைவர் கையத் தூக்கி, "அவசரப்படாதீங்க, நகருது"ன்னாரு. தொறந்து பாத்தா எலி. அதுக்கப்புறம் சீட்டு மேல சீட்டா தவசிமுத்தே ஒட்டுனான். நெதம் நம்பர் மாறும், நெதம் ஒட்டுவான். கடைசியில சீட்டு கனத்துப்போய் பொஸ்தகம் அலமாரிக்குள்ள போக மாட்டேனுருச்சு.

இதெல்லாம் சின்னச் சங்கடம். பெரிய சங்கடம் அந்தக் கண்டுபிடிப்புல வந்துச்சு. 'தண்ணீர் ஊற்றாத பாத்தியில் காய் அதிகம்.' தவசிமுத்து எல்லாப் பொஸ்தகத்தையும் பொரட்டிட்டான். உலகத்துல ஒருத்தரும் அதைச் சொல்லல.

"புதுக் கண்டுபிடிப்புன்னா அப்படித்தானே இருக்கும்?"ன்னு ஜெசிந்தா மேடம் இழுத்தாங்க.

"அதான் மேடம் சந்தேகம். உண்மையா இருந்தா இதுக்குள்ள யாராவது சொல்லியிருக்க மாட்டாங்களா?"

"நாம பாத்தோமே."

"நாம யாரு மேடம்? நம்ம பேரு எந்தப் பொஸ்தகத்துல இருக்கு?"

மேடத்துக்குச் சுருக்குனுச்சு. இருளப்பன், "நான் ஒழுங்கா வேலை பாத்திருந்தா இந்த வம்பே வந்திருக்காது"ன்னு கண்ணத் தொடச்சான். ஒரு வாரம் காத்திருந்து அந்த வரியத் தூக்கிட்டாங்க. இப்பக் கட்டுரையில மிச்சம் இருந்தது முருங்கை ஒரு மரங்குற ஒரு வரியும், அதுக்குக் கீழ அலமாரி கொள்ளாத ஆதாரமும்தான்.

வீட்டுல பூங்கோதை பெட்டிய எறக்கி வெயில்ல காயவெச்சா. அதைப் பாத்ததும் தவசிமுத்து மறுபடி அம்சவேணி மேடத்துக்குப் போன் போட்டான். அந்தம்மா ஏதோ கூட்டத்துல இருந்தாங்க. "அச்சுல வந்ததைக் காட்டுங்க, போதும்"னு வெச்சுட்டாங்க.

அச்சுதானே? நேரா போஸ்டர் அடிக்கிற அச்சாபீசுக்குப் போனான். கண்டுபிடிப்பச் சொன்னான், தலைவர் போட்டோவக் குடுத்தான். அச்சாபீஸ்காரருக்குத் தெரிஞ்ச போஸ்டர் ரெண்டே வகைதான். கல்யாணம், சாவு. தலைவர் மொகத்தப் பாத்தாரு, ரெண்டாவதுதான்னு முடிவு பண்ணிட்டாரு. கறுப்புக் கட்டம், ரெண்டு பக்கமும் குத்துவெளக்கு, நடுவுல மங்களேஸ்வரன் சார், கீழ 'தண்ணீர் ஊற்றாத பாத்தியில் காய் அதிகம்', அதுக்கும் கீழ 'ஆழ்ந்த வருத்தத்துடன், நிலையத்தார்'.

ராத்திரியே அதை பஸ் ஸ்டாண்டு சுவத்துல ஒட்டிட்டாங்க. விடிஞ்சதும் முருங்கைக்காய் வியாபாரிங்க மாலையோட வந்துட்டாங்க. தலைவர் வாசல்ல நின்னு வரிசையா வாங்கி மாட்டிக்கிட்டாரு. சங்கதி தெரிஞ்சதும் மொகம் செவந்து, "நான் செத்ததுக்கு என்னய்யா சான்று?"ன்னாரு.

"போஸ்டர்ல வந்திருக்கே சார்"ன்னாங்க ஜெசிந்தா மேடம்.

கண்ணாடியப் போட்டுக்கிட்டு முழுசாப் படிச்சாரு. "ம். அச்சுல வந்துருச்சு. இனிமே நாம என்ன சொன்னாலும் எடுபடாது"ன்னுட்டு அரை நாள் லீவு எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போனாரு.

அந்த வரிய மறுபடி ஏத்தி, தவசிமுத்து ஆதாரத்தப் பதிஞ்சான்: 'மங்களேஸ்வரன் (மறைவு), பஸ் ஸ்டாண்டு சுவர், கிழக்குப் பக்கம்.' சாயங்காலம் சரிபாக்கப் போனா, ஒரு மாடு அந்தப் போஸ்டரைக் கிழிச்சு நிதானமா மென்னுக்கிட்டு இருந்துச்சு. மைதா பசை அதுக்கு அல்வா மாதிரி. குத்துவெளக்கு மட்டும் வாய்க்கு வெளிய தொங்குச்சு.

நிலையத்துல அவசரக் கூட்டம் போட்டாங்க.

"ஆதாரம் இப்ப எங்க இருக்கு?"

"மாட்டு வயித்துல சார்."

"அப்ப அழியல. எடம்தான் மாறியிருக்கு. பட்டியல்ல மாத்தி எழுது."

"மாடு நடக்குமே சார். இன்னிக்கு சந்தை, நாளைக்குக் கம்மாய். படிக்கிறவன் எங்கன்னு தேடுவான்?"

"அதுவுமில்லாம நாளைக்கே அந்த ஆதாரம் வெளியீடா வந்துடும்"னான் இருளப்பன். அந்தப் பேச்ச யாரும் வளக்கல.

மாட்டையும் பட்டியல்ல எழுதிக்கிட்டு, நகராத ஆதாரமா ஒண்ணு வேணும்னு முடிவாச்சு. அப்படித்தான் அந்த வரி போர்டுல ஏறுச்சு. போர்டுல இருந்தாலும் வரி வரிதானே, அதுக்கும் ஆதாரம் வேணும். தவசிமுத்து பெயிண்டர்கிட்ட மேல ஒரு ஒண்ணு போடச் சொன்னான்.

"ஒண்ணு சரிண்ணே, ரெண்டு எங்க?"

"ரெண்டாவது இன்னும் கண்டுபிடிக்கல. போடுய்யா."

நல்லாப் பாருங்க, போர்டு அடியில துருவுக்கு மேல பொடி எழுத்து தெரியும்: '1. பார்க்க: கம்ப்யூட்டர் பக்கம்.' கம்ப்யூட்டர் பக்கத்துல என்ன இருக்குங்கிறீங்க? 'பார்க்க: போர்டு.' ஒண்ணுக்கொண்ணு சாட்சி. எந்தக் கோர்ட்டுலயும் நிக்கும்.

கட்டுரை வெளியவும் வந்துருச்சு. எந்தப் பத்திரிகைன்னு கேக்காதீங்க, சொன்னா அதுக்கும் கேப்பீங்க. ஆனா மூடுற உத்தரவு அதுக்கு முந்தியே கையெழுத்தாயிருச்சு. ஒரு அதிகாரி வந்தாரு, கதவப் பூட்டுனாரு, போர்டைப் புடுங்கக் கடப்பாரை கேட்டாரு. தவசிமுத்து கடப்பாரைய எடுத்துக் குடுத்துட்டு, கூடவே கட்டுரையையும் குடுத்தான்.

அவரு அதைப் படிச்சாரு, போர்டைப் பாத்தாரு. அம்சவேணி மேடத்துக்குப் போன் போட்டாரு. "கட்டுரையில காட்டுன ஆதாரத்த எடுக்கவே கூடாது சார், பத்திரமா இருக்கணும்"னு அந்தம்மா சொல்லிட்டாங்க. புது உத்தரவு வந்துச்சு. நிலையம் மூடியாச்சு, போர்டு நிரந்தரம். அதைப் பாத்துக்க நாலு ஆளு, இதே ஊருல, இதே சம்பளத்துல. தலைவர் போர்டுக்கு முன்பக்கம், ஜெசிந்தா மேடம் பின்பக்கம். பூங்கோதை பெட்டிய மறுபடி பரண்ல ஏத்திட்டா. தவசிமுத்துக்கு மட்டும் டீக்கடையில உக்காந்து தூரத்துலேருந்து பாக்குற வேலை…

"தவசிமுத்தண்ணே! ஏ தவசிமுத்தண்ணே!"

என்னடா இருளப்பா?

"மாடுண்ணே! நம்ம ஆதாரத்துல முதுகச் சொறியுது! பாதி ஒண்ணு போச்சு!"

எந்த மாடுடா? அந்தப் பழைய மாடா?

"அதேதாண்ணே!"

வெரட்டிடாத! புடிச்சுக் கட்டு, அதுவும் பட்டியல்ல இருக்கு! இந்தா வந்துட்டேன்.