குளத்தில் ஊற்றிய பனீர்த் தண்ணீர்

ஒரு காட்டுக் குளத்தின் கரையில் எருமையும் கரடியும் கூட்டாகப் பனீர் செய்து வந்தன. எருமை பால் கொடுக்கும். கரடி அதைக் காய்ச்சி, எலுமிச்சை பிழிந்து, திரிந்ததைத் துணியில் கட்டித் தொங்கவிடும். காட்டில் எந்த விருந்து என்றாலும் இவற்றின் பனீர்தான்!

மத்தியானம் ஆனால் எருமை குளத்தில் இறங்கிவிடும். மூக்கும் முதுகும் மட்டும்தான் வெளியே தெரியும். உடனே அதன் தோழி ஆமை முதுகில் ஏறிக்கொள்ளும்.

“அக்கா, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பேன். வெயில் கண்ணைக் குத்துது!”

“சவாரியும் வேணும், நிழலும் வேணுமாடி உனக்கு?”

விருந்துகள் கூடின. துணியிலிருந்து வடிந்த தண்ணீரைக் கரடி குடம் குடமாகக் குளத்தில் ஊற்றியது.

ஒருநாள் ஆமை தலையை நீட்டியது. “கரடியண்ணே, நாத்தம் தாங்கல! மீனெல்லாம் மேலே வந்து மூச்சுக்குத் தவிக்குது!”

கரடி சிரித்தது. “பால்லேர்ந்து வந்த தண்ணிம்மா, அத்தனையும் சத்து! நான் மீனுக்கு விருந்து வைக்கிறேன், நீ நாத்தம்கிறே!”

ஆமை எருமையைப் பார்த்தது. “நீயாவது சொல்லுக்கா.”

எருமைக்குத் தன் பாலின் மேல் அத்தனை பெருமை. “என் பால் யாருக்குடி கெடுதல் பண்ணியிருக்கு? சும்மா இரு!” என்றது.

மறுநாள் ஆமை வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மீன்கள் செத்து மிதந்தன. தண்ணீர் கறுத்தது.

“அடியே, கோபமா? வாடி!” என்று எருமை கரை முழுக்கக் கூப்பிட்டுப் பார்த்தது. ஆமையை எங்கும் காணோம். முதுகு லேசாக இருந்தது. அந்த லேசைத்தான் அதனால் தாங்க முடியவில்லை.

நேராகக் கரடியிடம் போனது. “இனி ஒரு சொட்டு குளத்துல விழுந்தாலும் உனக்குப் பால் கிடையாது!”

“அப்போ எங்கே ஊத்துறது? என் தலையிலயா?”

“ஊத்திக்கோ, முடியாவது மினுங்கும்!”

புதரிலிருந்து காட்டுப்பன்றி எட்டிப் பார்த்தது. “ஏன்யா, பத்துக் குட்டிய வச்சுக்கிட்டுத் தீனிக்கு அலையறேன். எனக்கு ஊத்தக் கூடாதா?”

அன்று முதல் பனீர்த் தண்ணீர் முழுவதும் பன்றியின் தொட்டிக்குப் போனது. குட்டிகள் கொழுகொழுவென வளர்ந்தன. இரண்டு மழைக்காலம் போனது. குளம் தெளிந்தது. ஆமை மட்டும் வரவில்லை.

ஒருநாள் மலைக்கு அப்பாலிருந்து கொக்கு ஒன்று வந்து இறங்கியது.

“எங்க ஆமையைப் பார்த்தியா?” என்று எருமை ஓடிப்போய்க் கேட்டது.

“அங்கே ஏரியில இருக்கு. ‘அக்கா இளைச்சிட்டாளா’ன்னு விசாரிச்சுது.”

“வருவாளா?”

“அங்கேயே குஞ்சு பொரிச்சிருச்சு. மறுபடி மலையேற அதுக்குத் தெம்பும் இல்லை.”

எருமை குளத்தைத் திரும்பிப் பார்த்தது. பிறகு, “வரச் சொல்லாதே. குளம் தெளிஞ்சிருச்சு, அவ சொன்னதுதான் நிஜம்னு மட்டும் சொல்லு” என்றது. கொக்கு பறந்து மறைந்த பிறகும் மலையையே பார்த்துக்கொண்டு நின்றது.

நாம் கொட்டுவது நல்ல பொருளின் மிச்சமே ஆனாலும், அது விழும் இடத்தில் குடியிருப்பவர் சொல்லும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். குளம் தெளிந்துவிட்டது என்பதற்காகப் போனவர் திரும்பி வந்துவிட மாட்டார்.