பள்ளிக்குப் போகாமல் தேறிய பதினைந்து பேர்

கார்த்திகை பத்தாம் நாள் காலை, நாற்பது விலங்குகள் மருதங்குளத்துக் கரையில் கூடின. முதல் ஆளாக வந்து நின்றது கோரையம்மா என்ற காட்டுப்பன்றி.

அன்று குளக்கரையில் ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கியது. பாடம் நடத்துவது ஒரு கருமந்தி. முள் எடுப்பது, காயம் கட்டுவது, காய்ச்சல்காரரைக் கவனிப்பது எல்லாம் முதலாண்டுப் பாடம். பிள்ளைப்பேறு பார்ப்பது இரண்டாம் ஆண்டு. படிக்க வந்தவை சின்னஞ்சிறு குட்டிகள் அல்ல. கிழங்கு தோண்டியும் சுமை தூக்கியும் பிழைத்துவந்த, பிள்ளைகுட்டி பெற்ற விலங்குகள். வேறு தொழில் அவற்றுக்குத் தெரியாது.

கோரையம்மாவுக்கு இரண்டாம் ஆண்டுப் பாடத்தின் மேல்தான் கண். போன மழையில் அதன் தங்கை பிரசவத்தில் இறந்துபோனது. சுற்றி நின்ற ஏழு பேருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்த ஏழு பேரில் கோரையம்மாவும் ஒன்று.

வகுப்புக்கு வந்தால் அன்று கிழங்கு தோண்ட முடியாது, வயிறு காயும். அதனால் படிக்கிறவர்களுக்கு மதியம் விளாம்பழம் தருவதாக யானைத் தலைவி சொல்லியிருந்தது. யானைக் கூட்டத்துக்கு அது பிடிக்கவில்லை.

“நம் பழத்தைத் தின்றுவிட்டு இவை ஒன்றும் கற்காமல் போனால்?” என்று முணுமுணுத்தன.

நியாயமான கேள்விதான். பள்ளியால் பயன் உண்டா இல்லையா என்று அளந்து சொல்ல, மலைக்காட்டிலிருந்து கொண்டையன் என்ற மரங்கொத்தியை வரவழைத்தது தலைவி. அது எதையும் மறக்காது. மருதமரத்துப் பட்டையில் ஆளுக்கொரு பொத்தல் போட்டு எண்ணிவிடும்.

“இருபது பேருக்குத்தான் இடம்!” என்றது கொண்டையன். “குலுக்கிப் போட்டு எடுப்போம். பெயர் விழுந்தவர்கள் படிக்கட்டும். விழாதவர்கள் அடுத்த வகுப்புக்குக் காத்திருக்கட்டும். அதுவரை பள்ளிப் பக்கமே வரக் கூடாது! ஆறு மாதம் கழித்து இரண்டு கூட்டத்தையும் சோதிப்பேன். படித்த கூட்டம் நன்றாக முந்தினால் பள்ளி நடக்கும். இல்லாவிட்டால் மூடிவிடலாம்!”

கோரையம்மாவின் பெயர் விழுந்தது. பக்கத்துப் புதரில் வசித்த முள்ளம்பன்றி முள்ளாண்டியின் பெயர் விழவில்லை.

“விடு அக்கா! நான் கட்டுப் போட்டால் நோயாளிக்குப் புதிதாக இருபது காயம் வரும்!” என்று சிரித்துக்கொண்டே போனது முள்ளாண்டி.

வகுப்புகள் நடந்தன. கோரையம்மாவுக்கு ஒரு சங்கடம் இருந்தது. காதால் கேட்டது மறுநாள் மண்டையில் நிற்காது. வாய்விட்டு இன்னொருவரிடம் சொன்னால்தான் நிற்கும். அதனால் தினமும் மாலையில் முள்ளாண்டியின் புதருக்குப் போய் அன்றைய பாடத்தை ஒப்பித்தது.

“காயத்தைத் தொடும் முன்பு என்ன செய்ய வேண்டும்? சொல்லு தம்பி!”

“காலைக் கழுவ வேண்டும்.”

“யார் காலை?”

“நோயாளியின் காலை!”

“அட மடையா! முதலில் உன் காலை!”

இந்தச் சண்டையை வேடிக்கை பார்க்கப் பெயர் விழாதவர்களில் நாலு பேர் வந்தார்கள். நாலு பத்தானது. படிப்பவர்களில் காட்டெருமைக்கும் மறதி அதிகம். அதுவும் தன் பாடத்தை மேய்ச்சல் கூட்டாளிகளிடம் ஒப்பிக்கத் தொடங்கியது.

வைகாசி பத்தாம் நாள் சோதனை நடந்தது. கொண்டையன் ஒவ்வொருவரையும் தனியே அழைத்தது. முள் எடுக்கச் சொன்னது. காயம் கட்டச் சொன்னது. காய்ச்சல் பற்றிக் கேள்வி கேட்டது. பிறகு மரத்தில் பொத்தல்களை எண்ணியது. படித்த இருபதில் பதினேழு தேறியிருந்தன. படிக்காத இருபதில் பதினைந்து தேறியிருந்தன.

“வித்தியாசம் இரண்டே இரண்டு!” என்று அறிவித்தது கொண்டையன். “பள்ளிக்குப் போனாலும் ஒன்றுதான், போகாவிட்டாலும் ஒன்றுதான். விளாம்பழம் வீண்! பள்ளியை மூடலாம்!”

யானைக் கூட்டம் காதுகளை வீசிக்கொண்டது. கோரையம்மாவுக்குத் தங்கையின் நினைவு வந்தது. இரண்டாம் ஆண்டு இல்லை என்றால் பேறு பார்க்கும் பாடமும் இல்லை.

அந்தப் பதினைந்து பேரும் எப்படித் தேறினார்கள் என்று அதற்குத் தெரியும். ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தது. முள்ளாண்டி பின்னாலிருந்து கிசுகிசுத்தது.

“வாயைத் திறக்காதே அக்கா! விதியை மீறினாய் என்று உன் படிப்பையே பிடுங்கிவிடுவார்கள்!”

“பள்ளியே போகிறது. என் படிப்பு மட்டும் இருந்து என்ன செய்ய?” என்றது கோரையம்மா. பிறகு உரக்கச் சொன்னது: “ஐயா! அவர்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். கொஞ்சம் பேருக்குக் காட்டெருமை அண்ணன் சொல்லிக்கொடுத்தது.”

கொண்டையனின் கொண்டை விறைத்தது. “என்ன! பள்ளிப் பக்கம் யாரும் வரக் கூடாது என்று சொன்னேனே!”

“நாங்கள் வரவில்லை ஐயா! பள்ளிதான் எங்கள் புதருக்கு வந்தது!” என்றது முள்ளாண்டி. கூட்டம் சிரித்தது.

“என் ஆறு மாத உழைப்பைப் பாழாக்கிவிட்டீர்களே! இனி நான் யாரோடு யாரை ஒப்பிடுவேன்?”

“ஆற்றுக்கு அக்கரைக்குப் போங்கள் ஐயா,” என்றது கோரையம்மா. “அங்கேயும் கிழங்கு தோண்டுகிறவர்கள்தான் இருக்கிறார்கள். எங்கள் பேச்சு ஆற்றைத் தாண்டிப் போகவில்லை. அவர்களில் இருபது பேரைச் சோதித்துப் பாருங்கள். அவர்களிலும் பதினைந்து பேர் தேறினால் பள்ளியை மூடிவிடுங்கள். நான் வாய் திறக்க மாட்டேன்.”

கொண்டையனுக்குக் கோபம் இருந்தது. ஆனால் அது நேர்மையான பறவை. மறுநாளே ஆற்றைக் கடந்தது.

“முள் குத்தினால் என்ன செய்வாய்?” என்று அக்கரைப் பன்றியைக் கேட்டது.

“கெட்ட வார்த்தை சொல்வேன்!”

“காயம் பட்டால்?” என்று கழுதையைக் கேட்டது.

“புழுதியில் புரளச் சொல்வேன்!”

“காய்ச்சலில் ஒருவர் படுத்துவிட்டால்?” என்று நரியைக் கேட்டது.

“பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்!”

“பரவாயில்லையே! எதற்கு?”

“எப்போது சாவார் என்று பார்க்கத்தான்! எனக்கும் பசிக்குமே!”

இருபதில் மூன்றுதான் தேறின. கொண்டையன் திரும்பி வந்து யானைத் தலைவியின் முன் தலை குனிந்தது.

“நான் தப்பாக எண்ணிவிட்டேன், தாயே! நீங்கள் பழம் கொடுத்தது இருபது பேருக்கு. கற்றுக்கொண்டது முப்பத்திரண்டு பேர். பள்ளியின் பயனில் பாதியைப் பள்ளிக்கு எதிரான சாட்சியாக எழுதிவிட்டேன்.”

“சரி, பள்ளி நடக்கட்டும்!” என்றது தலைவி. “ஆனால் படித்தவர்களில் மூன்று பேர் ஏன் தேறவில்லை?”

“இரண்டு பேர் கடைக்குட்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் பாதியில் நின்றுவிட்டார்கள். மூன்றாவது கரடி. பழம் தின்றதும் தூங்கிவிடுகிறது.”

“குட்டிகளை என் கூட்டம் பார்த்துக்கொள்ளும். கரடிக்கு மட்டும் வகுப்பு முடிந்த பிறகு பழம் கொடுங்கள்!”

கூட்டம் கலைந்தது. முள்ளாண்டி கோரையம்மாவின் பக்கத்தில் வந்து நடந்தது.

“அக்கா, அடுத்த வகுப்பில் என் பெயர் விழுந்தால் நீ எனக்குப் பாடம் ஒப்பிக்க முடியாது. எனக்கே எல்லாம் தெரிந்திருக்கும்!”

“அப்போது நீ எனக்கு ஒப்பி!” என்றது கோரையம்மா.

இரண்டாம் ஆண்டு வகுப்பு கார்த்திகையில் தொடங்கியது. மாசி பன்னிரண்டாம் நாள் கோரையம்மா ஒரு புள்ளிமானுக்குப் பேறு பார்த்தது. தாயும் குட்டியும் நலம்.

ஒரு படிப்பின் பயனை அளக்கிறவர், படித்தவரோடு நின்றுவிடாமல், அவரைக் கேட்டுக் கற்றுக்கொண்டவரையும் சேர்த்தே எண்ண வேண்டும்.