வெறுந்துப்பாக்கி

"குறி தப்பவே கூடாது, மாஸ்டர். ஒருக்கா கூடத் தப்பக்கூடாது. அதுக்கு என்ன செய்யணும்?"

இப்படிக் கேட்டவர் கோமதிநாயகம். மலையடிவாரத்து ஊர் ஒன்றில் கடலையும் நெல்லும் போடுகிற சம்சாரி. வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது.

ஹெப்சிபாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. படையில் பல வருஷம் துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுத்துவிட்டு ஊர் திரும்பியவர். கைவிட்ட கல்குவாரி ஒன்றில் சுடுதளம் நடத்திவந்தார். பெண்ணானாலும் எல்லாரும் அவரை மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். தன்னைவிட மூத்த மாணவர்களை அவர் அண்ணாச்சி என்றார்.

"எதைச் சுடணும், அண்ணாச்சி?"

"பன்னியத்தான். கடலைக்காட்டை உழுதது மாதிரிக் கிண்டிப் போட்டுருது. எங்க ஊர்ல லைசென்ஸ் உள்ள துப்பாக்கி என்கிட்ட மட்டுந்தான் இருக்கு."

"முன்னே தப்பியிருக்கா?"

"ஒருக்கா."

"தப்பின குண்டு எங்க போச்சு?"

கோமதிநாயகம் தோளில் கிடந்த துப்பாக்கி வாரை இழுத்துச் சரிசெய்தார்.

"பக்கத்து வயலுக்கு" என்றார்.

அங்கே நடந்தது ஹெப்சிபாவின் காதுக்கும் எட்டியிருந்தது.

பக்கத்து வயல் ஆவுடையப்பனுடையது. இருவரும் ஒரே கிணற்றில் முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சியவர்கள். போன பிசான நெல்போகத்தில் ஒரு விடியற்காலை. கோமதிநாயகம் வரப்பில் படுத்துப் பன்றியைக் குறிபார்த்துச் சுட்டார். பன்றி ஓடிவிட்டது. குண்டு பாறையில் பட்டுத் தெறித்து, மடை திறக்க வந்திருந்த ஆவுடையப்பன் வயிற்றில் பாய்ந்தது. மனிதக் குரல் ஒன்று அலறியது.

கோமதிநாயகம் அந்தப் பக்கம் போகவில்லை. எழுந்து வீட்டுக்கு ஓடிவிட்டார்.

பால்காரர்கள்தான் ஆவுடையப்பனைக் கண்டு தூக்கினார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது.

வழக்கு விபத்தென்று முடிந்தது. துப்பாக்கியும் கைக்குத் திரும்பி வந்தது. இந்த வருஷம் கடலை முற்றத் தொடங்கியதும் ஊர்க்காரர்கள் மறுபடியும் அவரைத்தான் காவலுக்குக் கூப்பிட்டார்கள். "தெரிஞ்சா செஞ்சீரு? விதி, விடும்வே" என்றார்கள். அவரும் விதி, விதி என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். வரப்புவரை போனார். கால் மேலே நகரவில்லை. இனி ஒரு குண்டும் தப்பாது என்று நெஞ்சுக்கு உறுதியானால்தான் அங்கே படுக்க முடியும் என்று தோன்றியது. அதனால்தான் குவாரிக்கு வந்தார்.

"கொண்டுவந்த குண்டை எல்லாம் கொடுங்க" என்றார் ஹெப்சிபா.

வாங்கி இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"கத்துக்கிட்டதும் தாரேன்."

"குண்டு இல்லாம எப்படி மாஸ்டர் சுடப் படிக்கது?"

"வெடிச் சத்தத்துல நம்ம தப்பு நமக்குக் கேக்காது, அண்ணாச்சி."

அன்றிலிருந்து வெறுந்துப்பாக்கிதான். முதலில் துப்பாக்கியைத் திறந்து உள்ளே குண்டில்லை என்று கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு விரலை விட்டுத் தொட்டுப் பார்க்க வேண்டும். பிறகு பாயில் குப்புறப் படுத்து, எதிரே குவாரிச் சுவரோரம் நட்டிருந்த அட்டையைக் குறிபார்க்க வேண்டும். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விசையைப் பச்சைப்பிள்ளையின் விரலைப் பிடிப்பதுபோல் மெல்ல அழுத்த வேண்டும். 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

ஹெப்சிபா வெடித்துத் தீர்ந்த குண்டின் பித்தளைக் கூடு ஒன்றைத் துப்பாக்கிக் குழாயின் நுனியில் நிமிர்த்தி வைப்பார். 'டக்' என்னும்போது கூடு விழக்கூடாது. விழுந்தால் கை ஆடிவிட்டது என்று அர்த்தம்.

பக்கத்துப் பாயில் லூர்து. பேங்கில் காவல் வேலை பார்ப்பவர். வருஷம் ஒருமுறை சுட்டுக் காட்டினால்தான் வேலை நிலைக்கும். அவருக்குக் கூடு விழுந்துகொண்டே இருந்தது. வாயும் ஓயாது.

"என்ன அண்ணாச்சி, பன்னி செத்துச்சா?" என்பார், ஒவ்வொரு 'டக்'குக்கும்.

"நீரு திருடனைப் பிடிச்சீரா?" என்பார் கோமதிநாயகம்.

"திருடன் நம்ம பேங்குக்கு வந்தா, பாவம்னு அவனே ஏதாவது போட்டுட்டுப் போவான்."

கொஞ்ச நாளில் கோமதிநாயகத்தின் கை கல்லாகிவிட்டது. காற்றடித்தாலொழியக் கூடு அசையவில்லை.

"இப்பக் குண்டு தரலாம்லா, மாஸ்டர்?"

"கை சரியாயிருச்சு. தலை இன்னும் ஆகலை."

"தலையா?"

"டக்குன்னதும் தலையைத் திருப்பிடுதீங்க."

"சுட்டாச்சுல்லா. பொறவு தலை எங்க இருந்தா என்ன?"

"திரும்பணும்னு கழுத்து முன்னாடியே முடிவு பண்ணிருது. குண்டு குழாயை விட்டுப் போகுமுன்னே நீங்க போயிடுதீங்க. அப்புறம் அது எங்கே போனா உங்களுக்கு என்ன?"

கோமதிநாயகத்தின் முகம் சுண்டிப்போனது. மறுபடி படுத்தார்.

லூர்துவும் தலையைத் தூக்குகிறவர்தான். ஆனால் அவர் தூக்குவது, பட்டதா இல்லையா என்று அட்டையைப் பார்க்கிற ஆசையில். கோமதிநாயகத்தின் தலை அட்டையைவிட்டு விலகி வலப்பக்கம் திரும்பியது. எப்போதும் வலப்பக்கந்தான். ஹெப்சிபா இரண்டையும் பார்த்து வைத்துக்கொண்டார்.

கோமதிநாயகம் பல்லைக் கடித்துக்கொண்டு கழுத்தை அடக்கினார். 'டக்' என்ற பிறகும், மாஸ்டர் "போதும்" என்னும்வரை கண்ணை எடுக்காமல் கிடந்தார். அதுவும் வசப்பட்டது.

ஒருநாள் ஹெப்சிபா அலமாரியைத் திறந்தார். கோமதிநாயகத்தின் துப்பாக்கியை வாங்கி, முதுகைக் காட்டி நின்று, திறந்து மூடினார்.

"உள்ளே குண்டு இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். சுடுங்க."

கோமதிநாயகம் படுத்தார். குறிபார்த்தார். மூச்சைப் பாதி விட்டார். விரல் மெல்ல அழுத்தியது.

'டக்.'

குண்டு இல்லை. அவர் முகம் வலது தோளில் புதைந்து கிடந்தது. கண்கள் இறுக மூடியிருந்தன. பித்தளைக் கூடு மண்ணில் உருண்டது.

ஹெப்சிபா பாயின் ஓரத்தில் குந்தினார்.

"வலப்பக்கம் என்ன இருக்கு, அண்ணாச்சி?"

கோமதிநாயகம் அந்தப் பக்கம் பார்த்தார். குவாரிச் சுவரும் ஒரு வேலிக்கருவேல மரமும் இருந்தன. அவர் அவற்றைச் சொல்லவில்லை.

"வரப்புல படுத்தா, அந்தப் பக்கந்தான் வீட்டுக்குப் போற வழி" என்றார்.

ஹெப்சிபா கூட்டைப் பொறுக்கி ஊதித் துடைத்தார். அதை மறுபடி குழாயில் வைக்கவில்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"நாளையிலேருந்து வேற பாடம். ஒவ்வொரு டக்குக்கும் எந்திரிச்சு நடந்து போங்க. அட்டைகிட்ட நின்னு, கையால தொட்டுப் பாருங்க. பொறவு வந்து படுங்க."

"குண்டே போகலியே மாஸ்டர். அங்க போய் என்னத்தப் பாக்க?"

"போய்ப் பாருங்க."

மறுநாள் அவர் நடக்கத் தொடங்கினார். குவாரிக்குள் வெயில் கொதித்தது. படுப்பதும், 'டக்' என்பதும், துப்பாக்கியைத் திறந்து பாயில் வைத்துவிட்டு எழுந்து போவதுமாக இருந்தார். அட்டையில் ஒரு கீறலும் இருக்காது. தொட்டுப் பார்ப்பார். திரும்பி வருவார்.

"ஓட்டை விழுந்திருக்கா, அண்ணாச்சி?" என்று லூர்து குரல் கொடுப்பார். "இருந்தா சொல்லும், நான் ரெண்டு கடன் வாங்கிக்கிடுதேன்!"

முதலில் கோமதிநாயகம் விறுவிறுவென்று போனார். இது என்ன பைத்தியக்கார வேலை என்று வாய்க்குள் முனகினார். அப்புறம் முனகல் நின்றது. நாளாக நாளாக நடையும் மெதுவானது. பாயிலிருந்து அட்டைவரை உள்ள தூரம், தன் வரப்பிலிருந்து ஆவுடையப்பன் மடைவரை உள்ள தூரந்தான் என்பது ஒருநாள் பாதி வழியில் அவருக்குத் தெரிந்தது. அங்கேயே நின்றார். அப்புறம் மிச்சத் தூரத்தையும் நடந்தார்.

அன்று அட்டையில் வைத்த கையை எடுக்க வெகு நேரமாயிற்று. எடுத்ததும் பாய்க்குத் திரும்பவில்லை. குவாரியின் சரிவில் ஏறி, ஊர் பஸ் வரும் ரோட்டுக்குப் போனார்.

"அண்ணாச்சி! துப்பாக்கிய விட்டுட்டுப் போறீரே!" என்று லூர்து கத்தினார்.

ஹெப்சிபா அந்தத் துப்பாக்கியை எடுத்துத் துடைத்து உள்ளே வைத்தார்.

ஆவுடையப்பன் வீட்டு முற்றத்தில் அவர் மனைவி பிச்சம்மாள் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். கோமதிநாயகத்தைக் கண்டதும் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள்.

"வாங்கண்ணே" என்றாள். "கிணத்துப் பக்கமே உங்களைக் காணலியே. உங்க முறைத் தண்ணி சும்மா கிடக்குன்னு நானும் சொல்லிவிட்டேன்."

"சொன்னாங்க, தாயி."

"உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. என்ன சொல்ல வந்தோம் என்று தெரியாமல் நின்றார். அவளே பேசினாள்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னே இருந்தேண்ணே. வேற யார்கிட்டயும் கேக்க முடியாதுல்லா."

"கேளு, தாயி."

"அவரு தண்ணி கேட்டாரா?"

கோமதிநாயகத்துக்குப் புரியவில்லை.

"பால்காரங்க தூக்கும்போது பேச்சு நின்னுருச்சாம். அதுக்கு முன்ன அவர்கிட்ட இருந்தது நீங்கதானே. நீங்க பாத்துட்டு ஆள் கூப்பிடத்தான் ஓடுனீங்கன்னு சொன்னாங்க. அவருக்குத் தாகம் பொறுக்காதுண்ணே. ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சுக் குடிப்பாரு. அதான் கேக்கேன். தண்ணி கேட்டாரா?"

அன்று கோமதிநாயகம் வரப்பில் ஓடியதை யாரோ தூரத்திலிருந்து பார்த்திருந்தார்கள். ஆள் கூப்பிட ஓடினார் என்று ஊரே சொல்லிக்கொண்டது. அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

பிச்சம்மாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பொறவு வாரேன், தாயி" என்றார். செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் தெருவில் இறங்கிவிட்டார்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் மறுபடி குவாரிக்கு வந்தார். லூர்து பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். ஹெப்சிபா அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"என் குண்டைக் கொடுங்க, மாஸ்டர். படிச்சது போதும். ஊர்ல கடலை காத்துக்கிட்டு இருக்கு. நான் காவலுக்குப் போறேன்."

ஹெப்சிபா அலமாரியைத் திறந்து குண்டுப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். பெட்டியின்மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

"அவங்க வீட்டுக்குப் போனீங்களா?"

"போனேன்."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலை. ஒண்ணு கேட்டா. அவரு கடைசியில தண்ணி கேட்டாரான்னு."

"கேட்டாரா?"

கோமதிநாயகம் மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியாது, மாஸ்டர். நான் அங்க நிக்கலை."

இதை அவர் எவரிடமும் சொன்னதில்லை. சொன்ன பிறகு, யாரோ சொன்னதைக் கேட்டவர்போல் திகைத்து நின்றார். லூர்து சுருட்டிய பாயைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

"இதை அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"எப்படிச் சொல்ல?" என்றார் கோமதிநாயகம். "கடைசி நேரத்துல பக்கத்துல ஒரு ஆள் இருந்தான்னு நெனச்சுக்கிட்டு இருக்கா. அந்த ஒரு ஆறுதல்தான் அவளுக்கு மிச்சம். அதையும் நானே பிடுங்கணுமா? ஆமா, கேட்டாரு, நான் குடுத்தேன், குடிச்சாருன்னு சொன்னா அவ நிம்மதியா தூங்குவாள்லா? சொல்லுங்க, மாஸ்டர். எதைச் சொல்லட்டும்?"

குவாரிச் சுவரில் கடைசி வெயில் மேலேறிக்கொண்டிருந்தது.

"அவங்க கேட்டுட்டு உங்களையே பாத்துக்கிட்டு நின்னிருப்பாங்க."

"ஆமா."

"அப்போ நீங்க எந்தப் பக்கம் பாத்தீங்க?"

"வீட்டுக்குப் போற வழிய" என்றார் கோமதிநாயகம்.

ஹெப்சிபா பெட்டியை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"உங்க ஊருக்கு ஆறரை பஸ் இன்னும் போகலை, அண்ணாச்சி" என்றார்.