தோற்காத அணிக்கு அழைப்பு இல்லை

"ஒரு ஆட்டத்துலகூட தோக்கலை. அப்புறமும் அழைப்பு இல்லைன்னா, அந்த ஆள் பந்தாட ஆள் எடுக்கிறானா, பல்லக்குத் தூக்க ஆள் எடுக்கிறானா?"

மன்னர் விண்ணவராயர் கத்திக்கொண்டிருந்தார். எதிரே நின்று வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தவன் ஆச்சன். அரசவையில் அவனுக்கு என்ன வேலை என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. யாராலும் முடியாத காரியம் வந்தால் அவன் பெயரைச் சொல்லிவிட்டு மற்றவர்கள் சாப்பிடப் போய்விடுவார்கள். அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். சக்கரவர்த்தி ஆண்டுதோறும் தலைநகரில் கல்லூரிகளுக்குக் கால்பந்துப் போட்டி நடத்துவார். நினைத்த கல்லூரியெல்லாம் போய்விட முடியாது. ஒவ்வொரு மண்டலத்துக்கும் தேர்வு அதிகாரி நக்கனார் வந்து, தேறுகிற அணிக்கு மட்டும் அழைப்பு கொடுப்பார். விண்ணவராயரின் கல்லூரி தன் மண்டலத்தில் எல்லாரையும் அடித்துத் துவைத்திருந்தது. நக்கனார் கேட்டுவிட்டுக் கொட்டாவி விட்டார். மண்டலமே சொத்தை, சொத்தைகளை ஜெயித்தவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்றார். ஆச்சன் பையன்களின் ஆட்டத்தை வர்ணிக்க ஆரம்பித்தபோது கையைக் காட்டி நிறுத்தினார். யார் யாரை ஜெயித்தான், அது மட்டும் போதும். எப்படி ஆடினான் என்ற கதையெல்லாம் வேண்டாமாம். நீரோடைக் கல்லூரியோடு கடைசி ஆட்டம் பாக்கி இருந்தது. அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புவதாக இருந்தார்.

மண்டலம் ஏன் சொத்தையானது என்பது ஊருக்கே தெரியும். மன்னருக்கு மட்டும் தெரியாது. அவர் அணி ஜெயித்தால் வந்தவர் போனவர் எல்லாருக்கும் அரண்மனையில் விருந்து. தோற்றால் அவர் முகம் தொங்கிவிடும். சுற்று ஊர்களுக்கு வாய்க்கால் மதகு திறப்பதும் ஏனோ தள்ளிப்போகும். அதனால் எல்லாக் கல்லூரிகளும் மரியாதையாகத் தோற்றன. பந்து வந்தால் கோல் காப்பவன் ஒதுங்கி நின்று கும்பிடு போடுவான். ஒரு தடவை ஆள் குறைகிறது என்று ஆச்சனையே இறக்கினார்கள். பந்து அவன் தொப்பையில் பட்டுத் திரும்பி, தானாக உருண்டுபோய் கோலானது. ஊரே அவனைத் தோளில் தூக்க முயன்றது, முடியவில்லை. அன்றைக்கு அவன் வெட்கத்தில் விருந்துக்கே போகக்கூடாது என்று நினைத்தான். போனான். பாயசம் நன்றாக இருந்தது.

"அழைப்பு வந்தாகணும். இல்லைன்னா உனக்கு இந்த அவையில இடமில்லை" என்று மன்னர் முடித்தார்.

வெளியே அணித்தலைவன் கோவன் நின்றிருந்தான். விடியலில் இருந்து ஓடிப் பழகிய வியர்வை இன்னும் காயவில்லை. "நக்கனார் சொன்னது சரியாகூட இருக்கலாம்ணே. நாங்க நல்லா ஆடுறோமா இல்லையான்னு எங்களுக்கே தெரியாது. யாரும் எங்களை ஆட விட்டதே இல்லையே."

ஆச்சனுக்கு அது சுருக்கென்று தைத்தது. நேரே நீரோடைக் கல்லூரிக்குப் போனான். இந்தத் தடவை முழு மூச்சாக ஆடுங்கள், மன்னர் உத்தரவு என்று கூசாமல் புளுகினான். அவர்கள் நம்பவில்லை. மதகு திறக்கவில்லை என்றால் என்ன செய்வாய் என்று கேட்டார்கள். தண்ணீருக்குப் பதிலாகத் தானே வந்து வாய்க்காலில் படுத்துக்கொள்வதாகச் சொன்னான்.

"நீர் படுத்தா வாய்க்கால் அடைச்சுக்கும் ஓய்" என்றான் நீரோடைத் தலைவன். ஆனால் ஒப்புக்கொண்டான்.

ஆட்டம் தொடங்கியது. எதிரி ஏன் ஒதுங்கவில்லை என்று மன்னரின் பையன்கள் யோசிப்பதற்குள் நீரோடை இரண்டு கோல் போட்டுவிட்டது. அதற்குப் பிறகுதான் கோவனுக்கு உறைத்தது. விழுந்து, புரண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டையும் திருப்பிக் கொடுத்தார்கள். கடைசியில் நீரோடை இன்னொன்று போட்டு ஜெயித்தது. கூட்டம் தொண்டை கட்டக் கத்தியது. மன்னர் ஆச்சனைப் பிடித்து வரச் சொன்னார். ஆச்சன் ஏற்கெனவே நக்கனாரிடம் போயிருந்தான்.

"நீரோடை எப்படி ஐயா?"

"இப்படி ஒரு அணியை இந்த வருஷம் எங்கேயும் பார்க்கலை. அழைப்பு அவங்களுக்குத்தான்."

"அவங்களை எங்க பசங்க இந்த வருஷமே இரண்டு தடவை ஜெயிச்சிருக்காங்க."

நக்கனார் நிமிர்ந்தார். "அப்பவும் அவங்க இப்படித்தான் ஆடினாங்களா?"

"எப்படி ஆடினாங்கிற கதை உங்களுக்கு வேண்டாமே ஐயா. யார் யாரை ஜெயிச்சான், அது மட்டும்தானே?"

நக்கனார் அவனை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் சிரித்துவிட்டார். இந்தப் பேச்சுக்காகக் கொடுக்கவில்லை, அந்தப் பையன் விழுந்து எழுந்து ஆடினானே, அதற்காகக் கொடுக்கிறேன் என்று சொல்லி, மண்டலத்துக்கு இரண்டு அழைப்பாகக் கொடுத்தார்.

மன்னருக்கு ஒன்றும் புரியவில்லை. ஜெயித்தபோதெல்லாம் வராத அழைப்பு தோற்றதும் எப்படி வந்தது என்று கேட்டார். ஆச்சன் விருந்து, மதகு, கும்பிடு, தன் தொப்பை உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். பொய் உத்தரவையும் சொன்னான்.

"அப்போ இத்தனை வருஷமா ஜெயிச்சது யாரு?" என்றார் மன்னர் மெதுவாக.

"உங்க சமையல்காரர் மகாராஜா."

மன்னர் ஒரு கணம் முறைத்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன்னைப்போல ஒரு முட்டாளைச் சிம்மாசனத்தில் ஏற்றி வைத்தது யார் என்று கேட்டார். அப்பா என்று அவரே பதிலும் சொன்னார். தன் தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்து ஆச்சனுக்குப் போர்த்தினார். மதகை அன்றே திறக்கச் சொன்னார்.

தலைநகரில் முதல் ஆட்டம் யாரோடு என்று செய்தி வந்தது. சக்கரவர்த்தியின் சொந்தக் கல்லூரியோடு. மன்னரின் சிரிப்பு நின்றுவிட்டது. ஆச்சனை ஓரமாக இழுத்துப்போய்க் காதில் சொன்னார்: "சக்கரவர்த்தி முகம் வாடக்கூடாதுய்யா. மரியாதையா, பார்த்து, தோத்துட்டு வரச்சொல்லு."

ஆச்சன் தலையாட்டிவிட்டு மைதானத்துக்குப் போனான். பையன்கள் மூட்டையோடு வண்டியில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"மன்னர் ஏதாவது சொல்லி அனுப்பினாராண்ணே?" என்று கேட்டான் கோவன்.

"ஒண்ணுமில்லை. கிளம்புங்க" என்றான் ஆச்சன்.